கந்தப்பன் அண்ணனின் மங்கல் லைட்

இலங்கை மலைநாட்டு ஹட்டனில் வாகனங்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன் நான். எத்தனையோ டிரைவர்மார் வந்து போயிருக்கிறார்கள். கந்தப்பன் அண்ணனைப் போல என் உயிரை வாங்கியவர் ஒருவரும் இல்லை.

அந்தக் காலத்தில் அவர் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டினார். என்ன அழகான லொறி அது! இரண்டு பக்கமும் சோற்றுத் தட்டு மாதிரி வட்ட லைட். ஒன்று போனால் வளையத்தைக் கழற்றி, கண்ணாடியோடு முழுசாகத் தூக்கிவிட்டுப் புதிது மாட்டுவேன். குடிக்க ஊற்றிய பிளேன்டி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அண்ணன் அந்தக் கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, ஹாரனை ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போவார். பனிக்குள்ளே அந்த மஞ்சள் வெளிச்சம் வளைந்து வளைந்து ஏறுவதைக் கடை வாசலில் நின்று பார்ப்பேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு ஏங்குகிறது.

தோட்ட வேலையை விட்டபின் வேன் வாங்கி ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றினார். இந்தக் காலத்து வண்டி இருக்கிறதே, சனியன்! ஒரு பல்பு மாற்ற முன் பம்பரையே கழற்ற வேண்டும். பல்பைக் கையால் தொடவும் கூடாது; பிசுக்குப் பட்டால் சூட்டில் வெடிக்கும். அண்ணன் கேட்பாரா? பல்பிலேயே பொட்டு வைத்தார். அது வெடித்தது. "சாமி பொட்டு கூடவா இதுக்கு ஒத்துக்காது?" என்று என்னிடமே சண்டை.

போன வருஷம் வேறு தொல்லை. நான் முஸ்லிம் ஆள், அண்ணன் என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவார். "லைட்டு மங்கலா இருக்கு நானா" என்று வந்தார். மாற்றினேன். மறுபடி வந்தார். இன்னும் வெளிச்சம் கூடியதைப் போட்டேன். மூன்றாம் தரமும் அதே பாட்டு. எனக்கு ஏறிவிட்டது. கடைச் சுவருக்கு நேரே வேனை நிறுத்தி லைட்டைப் போட்டேன். சுவர் பளிச்சென்று வெளுத்தது. தினமும் அவர் வேனில் ஸ்கூலுக்குப் போகிற என் பேத்தி நஸ்லியா ஓடிவந்து, அந்த வெளிச்சத்தில் நின்று அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரு நானா அது?" என்றார் அண்ணன்.

"அண்ணே, பழுது லைட்டுல இல்ல, உங்க கண்ணுல. இவ்வளவு நாளும் எப்படி ஓட்டினீங்க?"

"பாதை மனப்பாடம் நானா."

படைத்தவனே! அந்த வளைவுகளும் பள்ளங்களும்! வேன் நிறையப் பிள்ளைகள்! சாவியைப் பிடுங்கி மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க. பிறகு பார்ப்போம்."

"கண்ணு ஒரேயடியா போச்சுன்னு சொல்லிட்டாங்கன்னா? வண்டி இல்லாம நான் என்னா நானா மனுசன்?" படியில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் கொடுக்கவில்லை. மறுநாள் அவர் மனைவி நாகலெட்சுமி வந்து, "கால்ல விழுந்தாலும் குடுத்துறாதீங்க" என்று சொல்லிவிட்டு, அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். இரண்டு கண்ணிலும் புரை.

ஆபரேஷன் முடிந்து, ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகே சாவி கேட்டு வந்தார். லைட்டைப் போட்டு முன்னால் நின்றவர், கையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"என்னா நானா இது! எதிர்ல வந்தவனெல்லாம் என்னா பாடு பட்டிருப்பான்? கழட்டுங்க!"

திட்டிக்கொண்டே பம்பரைக் கழற்ற உட்கார்ந்தேன். நஸ்லியா வந்தாள். அண்ணன் குனிந்து அவள் முகத்தையே பார்த்தார்.

"பெரிய பல்லு மொளைச்சிருக்கே! பால்பல்லு எப்ப தாயி விழுந்துச்சு?"

"போன வருஷம் அங்கிள், உங்கட வேன்லதான். வாயைத் தொறந்து காட்டினேனே. பார்த்துட்டு, அழகா இருக்குன்னு சொன்னீங்க."