அழிய மறுத்த படம்

வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பொலிஸ் செக்கிங் வருகிறது என்றால் அம்மா முதலில் தேடுவது அடையாள அட்டைகளை. அடுத்தது சின்ன மாமாவின் படங்களை. அவர் அம்மாவின் கடைசித் தம்பி. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போன ஒரு காலையில் அப்படியே இயக்கத்துக்குப் போய்விட்டார். அதன்பிறகு ஒவ்வொரு செக்கிங்குக்கும் அவருடைய படம் ஒன்றாவது கிழிந்து கழிவறைத் தண்ணீரோடு போனது. கடைசியில் ஒன்றே மிஞ்சியது. அதுவும் காகிதத்தில் இல்லை. அச்சகத்தில் வேலை செய்த பெரிய மாமா அதை ஸ்கேன் பண்ணி, எங்கள் முன்னறையிலிருந்த தன் கணினிக்குள் வைத்திருந்தார்.

அன்று கீழ்மாடியில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் அம்மா, கணினிக்கு முன்னால் இருந்த பெரிய மாமாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அழிச்சிட்டியோ?"

"அழியுதில்லை அக்கா. மாட்டன் எண்டு நிக்குது."

"ஆர் நிக்கிறது? மெஷினோ, நீயோ?"

மாமா அழிக்கிற கட்டளையான 'டெல்'லைத் தட்டி, படத்துக்கு வைத்திருந்த சின்ன மாமாவின் பெயரையும் தட்டிக் காட்டினார். அனுமதி இல்லை என்று கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் வந்தது.

பள்ளிக்கூடக் கணினி வகுப்பில் அந்தக் கிழமைதான் அதைப் படித்திருந்தேன். முதலில் கோப்பின் பூட்டை எடுக்க வேண்டும், பிறகு அழிக்க வேண்டும்.

"எழும்புங்கோ மாமா, எனக்குத் தெரியும்."

மாமா எழும்பவில்லை. அம்மாதான் தோளில் பிடித்து எழுப்பினார். 'அட்ரிப்' கட்டளையால் பூட்டை எடுத்தேன். மறுபடி 'டெல்'. இந்தமுறை திரை மறுபேச்சுப் பேசவில்லை.

"கெட்டிக்காரி" என்றார் மாமா. சொல்லிக்கொண்டே குனிந்து கணினியின் வயரைப் பிடுங்கினார்.

வந்த பொலிஸ்காரர்கள் அலுமாரியையும் கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தார்கள். இளையவருக்குக் கணினியில்தான் கண்.

"கேம் தியெனவாத?"

விளையாட்டு இருக்கிறதா என்று கேட்கிறார். நிறையவே இருந்தது. நான் வாயெடுப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "நே சேர், மெஷின் கெடிலா."

சற்றுமுன் என் கையால் வேலை செய்த இயந்திரம் பழுதாம்! பொலிஸ்காரர் ஏமாற்றத்தோடு என் தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

"அப்ப நான் விளையாடட்டோ?"

"ஒண்டும் தொடாதை பிள்ளை. நாளைக்கு அச்சகத்திலயிருந்து ஒரு டிஸ்க் கொண்டு வாறன். அதுக்குப் பிறகு விளையாடு."

வீட்டையே காப்பாற்றியவளுக்கு இதுதான் மரியாதையா? அன்று புட்டுச் சாப்பிடும்போது மாமாவுக்குப் பக்கத்தில் நான் இருக்கவில்லை.

தொலைந்த கோப்புகளை மீட்பது இன்று என் தொழில். கோப்பில் பூட்டு தானாக விழாது, யாராவது போட்டிருக்க வேண்டும். அழித்த கோப்பும் உடனே போய்விடாது. அதன்மேல் வேறு எதையும் எழுதாதவரை அங்கேயே கிடக்கும். நான் கேட்ட விளையாட்டோ ஒவ்வொரு முறையும் தன் புள்ளிகளை எழுதிவைக்கும். அந்தக் கால இயந்திரம் ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் பெயரில் முதல் எழுத்தை மட்டும் மறந்துபோகும். மீட்க வருகிறவரிடம் அந்த எழுத்தைக் கேட்கும்.

அம்மாவின் சாமி அறையில் இன்று சின்ன மாமா பள்ளிச் சீருடையில் சிரிக்கிறார்.

மறுநாள் அந்த டிஸ்க்கைப் போட்ட மாமாவிடம் திரை அந்த ஓர் எழுத்தைக் கேட்டிருக்கும். தம்பியின் பெயரில் முதல் எழுத்து. அந்த நேரம் நான் கணினி வகுப்பில், மாமாவோடு இனிக் கதைப்பதில்லை என்று முடிவெடுத்து உட்கார்ந்திருந்தேன்.