இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே

சுண்டுவிரலின் அடிக்கணுவில் கட்டைவிரலை வைக்கிறார். ஒன்று. நடுக்கணு, இரண்டு. நுனி, மூன்று. அங்கிருந்து மோதிரவிரலுக்கு நகர்கிறார். உதடுகள் அசைகின்றன, சத்தம் இல்லை. அவருக்கு ஓரடி முன்னால், பள்ளி வாசலில், அவருடைய ஒன்பது வயது மகள் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றுவிட்டாள். வாய் பாதி திறந்திருக்கிறது. இமைகள் மட்டும் துடிக்கின்றன. மற்றப் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறார்கள். அவர் அவளைத் தொடவில்லை, கூப்பிடவில்லை. எண்ணுகிறார்.

"அப்பா, நான் பென்" என்பதோடு நின்றிருந்தாள். பதினான்காவது செகண்டில், "சில் டப்பாவ மறந்துட்டேன்" என்று முடித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை?"

"பதினாலு."

"எங்க போயிருந்தேன்?"

"ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல. வந்துட்டல்ல, போ."

அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பத்தொன்பது கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. மாடிகளுக்கு நடுவே பெட்டி நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதவைத் தட்டுவார்கள், கத்துவார்கள். இவர் வெளியே கதவில் வாய் வைத்துச் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்: "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்." மகளுக்கும் அதையேதான் சொல்கிறார். அவளுக்கு அது கேட்கிறதா என்று தெரியாது. "லிஃப்டுக்குள்ள இருக்கிறவங்களாவது பதிலுக்குத் திட்டுவாங்க ஐயா. இவகிட்ட இருந்து ஒண்ணும் வராது" என்றார் என்னிடம் ஒருமுறை.

மருத்துவர் சொன்னது எளிய விஷயம். மூளையில் ஓடும் மின்சாரம் சில நொடிகள் தடுமாறுகிறது, பிள்ளை நின்றுவிடுகிறாள். உலுக்காதே, கத்தாதே, விழாமல் பார்த்துக்கொள், எத்தனை செகண்டு என்று குறித்துவை, நீண்டுகொண்டே போனால் தூக்கிக்கொண்டு வா. மருந்தும் கொடுத்திருக்கிறார். மனைவிக்கு அதிகாலை ஷிப்ட். ஆகவே காலையில் எண்ணுவது இவர் வேலை.

எண்ணுவதில் அவருக்குக் கடிகாரம் வேண்டாம். என் மேசைக் கடிகாரத்தை வைத்து மூன்று முறை சோதித்தேன். இரண்டு முறை சரியாக அறுபது. ஒரு முறை அறுபத்தொன்று. அன்று அவருக்குச் சளி. வீட்டில் டிக் டிக் என்று சத்தம் போடும் கடிகாரங்களை எல்லாம் கழற்றிவிட்டாராம். அவை தப்பாக எண்ணுகின்றன என்கிறார்.

பள்ளி வாசலில் அவருக்குச் 'செகண்டு முள்' என்று பெயர். அந்தப் பெயர் வந்ததற்குக் காரணமான சம்பவத்தின் தேதி என்னிடம் இருக்கிறது, இங்கே தேவையில்லை. ஒரு திங்கட்கிழமை. பெற்றோர்கள் கேட்டருகே கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் வழக்கம்போல ஓரத்தில் சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டி நின்றார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, புது டீச்சரின் பெயரைச் சொல்ல வந்து, "அவங்க பேரு..." என்று இழுத்து நிறுத்தினார். யாருக்கும் பெயர் மறந்துபோகும். ஆனால் இவர் பத்தடி தூரத்தைக் கடந்து போய் அந்த அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்றார். மறுகையின் கட்டைவிரல் கணுக்களின்மேல் ஓடியது.

"யோவ், கையை எடுய்யா!" என்று ஒருவர் பாய்ந்தார். கண்ணாடிக் கடை அம்மா திடுக்கிட்டுக் கையை உதறினார். "பேரை யோசிச்சிட்டு இருந்தேன். இதுக்குப் போய்!" என்றார். இவர் மன்னிப்புக் கேட்டார். கேட்கும்போதே, "பதினொண்ணு" என்றும் சொல்லிவிட்டார். பழக்கம்.

அன்றிலிருந்து அவர் வரும்போது பேச்சு குறையும். பிறந்தநாள் அழைப்புகள் அவர் மகளைத் தாண்டிப் போகும். காதுபடவே ஒருவர் சொன்னார்: "பெத்த பிள்ளை சிலையா நிக்குது, மனுஷன் தொடக்கூட மாட்டேங்கிறான். அடுத்தவன் பொண்டாட்டின்னா ஓடிப்போய்ப் புடிக்கிறான்."

நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் கோப்புகளைப் பாதுகாத்தவன். ஓய்வுபெற்ற பின்னும் அந்த அறையின் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை மூன்று மணி முதல் நாலரை வரை, இதே நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் அங்கே கூடுவார்கள். திறந்துவிடுவதும், வந்தவர் எண்ணிக்கையைக் குறிப்பதும், பூட்டுவதும் நான்.

அங்கே பழக்கப்பட்டுப்போனவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. புதிதாக வருகிறவர் மிரண்டுபோவார். ஒரு பிள்ளை நின்றால் அறையே நின்றுவிடும். டம்ளரில் தேநீர் ஊற்றுகிறவர் பாத்திரத்தை நிமிர்த்திவிடுவார். சொல்லின் நடுவில் இருப்பவர் அங்கேயே நிறுத்துவார். எல்லாருடைய கட்டைவிரல்களும் கணுக்களின்மேல் நகரும். குழாய் விளக்கின் ரீங்காரம் மட்டும் கேட்கும். பிள்ளை திரும்பி வந்ததும் எல்லாரும் விட்ட சொல்லின் மீதியிலிருந்து பேசுவார்கள். பிள்ளைகளிடமிருந்து ஒட்டிக்கொண்ட வழக்கம் அது. பெருக்க வரும் அம்மா ஒருநாள் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "என்ன சாமி, உயிரோடதான் இருக்காங்களா எல்லாரும்?"

ஒருமுறை இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் நின்றார்கள். இருவரும் அறையின் இரு முனைகளில் இருந்தார்கள். முகங்கள் ஒரே மூலையை நோக்கியிருந்தன. இருவருக்கும் பதின்மூன்று செகண்டு. அந்த மூலையில் 114 முதல் 131 வரையிலான கோப்புக் கட்டுகள் இருக்கின்றன. வேறொன்றும் இல்லை. போய்ப் பார்த்தேன்.

மெக்கானிக் அங்கே வந்து சேர்ந்தது வேலையாக. மருத்துவமனை லிஃப்ட் அடித்தளத்தில் சிக்கிக்கொண்டது என்று புகார். உள்ளேயிருந்து கதவைக் கையால் விலக்கினார். எதிரே என் அறையின் கண்ணாடிக் கதவு. அதற்குள்ளே பதினொரு பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு கட்டைவிரல்கள் மட்டும் நகர்ந்தன. இவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். அவர் கையும் எண்ணத் தொடங்கியிருந்தது. எல்லாரோடும் சேர்ந்து ஒன்பதில் நின்றார்.

முதலில் எழுந்து வந்தவர் தையல்காரம்மா. அவர் மகனுக்கு ஆறு வருடமாக இந்த நோய். "வாங்க தம்பி. உங்களுக்கு எத்தனை வயசுப் பிள்ளை?" என்றார். யார் நீ, என்ன வேலையாக வந்தாய் என்று கேட்கவே இல்லை.

"ஒன்பதுக்கா. பொண்ணு."

"உட்காருங்க. இங்க யாரும் உங்கள ஒரு மாதிரியா பார்க்க மாட்டாங்க. நாங்களே ஒரு மாதிரிதான்."

அந்தச் சனிக்கிழமை லிஃப்ட் நாலரை மணிவரை பழுதாகவே இருந்தது.

அடுத்த வாரம் மகளையும் கூட்டிவந்தார். அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் 'நான் இல்லாத நேரம்' என்று எழுதியிருக்கிறாள். அப்பா சொல்லும் எண்ணிக்கையை வரிசையாக எழுதிக் கூட்டுகிறாள். என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தாள். பதினாறு மாதத்தில் 954 முறை, 11,460 செகண்டு. கூட்டலில் பிழை இல்லை. "மூணு மணி பதினோரு நிமிஷம், தாத்தா. எல்லாம் சேர்த்து வச்சா ஒரு சினிமாவே பார்க்கலாம். அதெல்லாம் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டாள். வந்த கோப்பு எதுவும் என் அறையில் காணாமல் போனதில்லை. இதை எந்தக் கட்டில் வைப்பது என்று தெரியாமல் நோட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

சென்ற மாதம் பள்ளியில் ஒரு கூட்டம். வகுப்பே ஒருநாள் அணைக்கட்டுக்குப் போகிறது. ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெற்றோர் துணை. மகள் வீட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "நான் போகணும். நீ வரக்கூடாது. நீ வந்தா எல்லாரும் உன் கையத்தான் பார்ப்பாங்க." எங்கள் அறைக்கு வெளியே, பெற்றோரைத் தவிர யாரும் இதுவரை அவளுக்காக எண்ணியதில்லை. கூட்டத்தில் டீச்சர் கேட்டார்: "இவள யாரு உங்க குரூப்ல சேர்த்துக்கறீங்க?"

சனிக்கிழமை வந்து மெக்கானிக் எங்களிடம் சொன்னார்: "முப்பது பேரு இருந்தாங்க. யாரும் வாயத் திறக்கல. இருபத்தேழு செகண்டு."

தையல்காரம்மா கத்திரிக்கோல் பையை மடியில் நகர்த்திக்கொண்டு, "எனக்கு நாப்பத்தொண்ணு தம்பி. அதுவும் கல்யாண வீட்டுப் பந்தியில. யார் பக்கத்துல உட்கார வைக்கிறதுன்னு" என்றார். இன்னொருவர், "எனக்கு எங்க அண்ணன் வீட்டுலயே பத்தொம்பது" என்றார். எண்கள் அறையைச் சுற்றி வந்தன. யார் முதலில் சிரித்தது என்று நான் குறிக்கவில்லை. மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அப்ப நான் ஒண்ணும் பெரிய ஆளு இல்ல" என்றார்.

அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் கதவருகே ஒருவர் நிற்பதைப் பார்த்தோம். கண்ணாடிக் கடை அம்மா. பள்ளியில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். நேராக மெக்கானிக்கிடம் போனார். எதிரே நின்று, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அன்னைக்கு நீங்க எத்தனை எண்ணுனீங்க?"

"பதினொண்ணு."

"நீங்க நடந்து வந்தத நான் பார்க்கவே இல்ல. சைக்கிள் பக்கத்துல நின்னீங்க. அடுத்து என் கை உங்க கையில இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல. கோபத்துல எதையோ சொல்லிட்டேன்." சற்று நிறுத்தினார். அறையில் பல கட்டைவிரல்கள் சுண்டுவிரலுக்குப் போய்விட்டன. "இப்ப சும்மாதான் நிறுத்துனேன்" என்றார். விரல்கள் இறங்கின. "கடையில கஸ்டமர் எழுத்து படிச்சிட்டே இருப்பாங்க, நான் பாதியில கேட்கிறதே இல்லையாம். பொண்ணு சொல்றா. எத்தனை நாளா இப்படின்னு எனக்கே தெரியல."

மேல்மாடியில், மெக்கானிக்கின் மகளைப் பார்க்கும் அதே மருத்துவர் அவரையும் பார்த்தார். அதே நோய்தான். மருந்து தொடங்கியிருக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டுவதை விட்டுவிட்டார். பள்ளி வாசலில் இப்போது அவரும் சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டித்தான் நிற்கிறார்.

அணைக்கட்டு விஷயத்தில் டீச்சரிடம் பேசியதும் அவரே. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாராம். பொறுப்பை டீச்சர் ஏற்றுக்கொள்ள, இந்த அம்மா கூட ஒரு ஆளாக மட்டும் வருவதென்று முடிவானது. "பாப்பா என் பக்கத்துல உட்காரட்டும். அவ நின்னா நான் எண்ணுறேன். நான் நின்னா அவ எண்ணட்டும்" என்றார் மெக்கானிக்கிடம்.

மெக்கானிக் கேட்டார்: "ரெண்டு பேரும் சேர்ந்து நின்னுட்டீங்கன்னா?"

பதில் மகளிடமிருந்து வந்தது. "அப்ப ரெண்டு பேரும் ஒண்ணா எங்கயோ போயிருக்கோம்னு அர்த்தம். தனியா போறதுக்கு அது பரவாயில்லப்பா."

புறப்பாடு காலை ஏழு நாற்பது. மெக்கானிக் என்னையும் வரச் சொல்லியிருந்தார். "ஒண்ணும் பண்ண வேணாம் ஐயா. சும்மா பக்கத்துல நில்லுங்க." பேருந்து வந்தது. மற்றப் பெற்றோர்கள் கேட்டருகே நின்றார்கள். நாங்கள் இருவரும் சைக்கிள்களின் பக்கம். மகள் நான்காவது சன்னலில் உட்கார்ந்தாள், பக்கத்தில் கண்ணாடிக் கடை அம்மா. வண்டி நகர்ந்தது. மகள் கையைத் தூக்கி ஆட்டினாள்.

ஆடிய கை கண்ணாடியில் ஒட்டி நின்றது. அவள் முகம் எங்கள் பக்கம் இல்லை. பக்கத்திலிருந்த அம்மாவும் அசையவில்லை. இருவரும் ஒரே திசையில், எங்கள் தலைக்குமேல் ஏதோ ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது சும்மா பார்த்ததா, நின்றுபோனதா என்று அந்தத் தூரத்தில் சொல்ல முடியாது. நான் திரும்பிப் பார்த்தேன். பள்ளியின் வெற்றுச் சுவர்.

மெக்கானிக்கின் கட்டைவிரல் ஓடத் தொடங்கியிருந்தது. சுண்டுவிரலில் மூன்று, மோதிரவிரலில் மூன்று, நடுவிரலின் அடிக்கணு. ஏழில் பேருந்து முனை திரும்பி மறைந்தது. அவர் உடல் ஓர் அடி முன்னால் சாய்ந்தது. ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம், அடுத்த சிக்னல் அருகில்தான். அவர் ஓடவில்லை. கட்டைவிரலை எடுக்கவும் இல்லை.

அன்று முழுவதும் மருத்துவமனை லிஃப்டில்தான் அவருக்கு வேலை. ஒரு கையால் முடிந்தவற்றை மட்டும் செய்தார். பொத்தான் பலகையைத் துடைத்தார். கதவுத் தடத்தில் சிக்கியிருந்த கொண்டை ஊசிகளையும் மாத்திரை அட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். மதியம் நான் தேநீர் கொண்டுபோனபோது வலது கையால் வாங்கிக் குடித்தார். இடது கை மடியில், கட்டைவிரல் ஏழிலேயே அழுந்தியபடி இருந்தது. நகம் வெளுத்திருந்தது. தையல்காரம்மா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாலை ஐந்து பதினாறுக்குப் பேருந்து திரும்பியது. பிள்ளைகள் இறங்கினார்கள். பெற்றோர்கள் முன்னால் நகர்ந்து தங்கள் தங்கள் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். கடைசிக்கு முன்னால் அவள் இறங்கினாள். சட்டை முழுக்க ஈரம், தலையில் யாருடையதோ தொப்பி. பின்னால் கண்ணாடிக் கடை அம்மா. மகள் அப்பாவின் முன்னால் வந்து நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

மெக்கானிக் கட்டைவிரலை நடுவிரலின் நடுக்கணுவுக்கு நகர்த்தினார்.

"எட்டு" என்றார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விரித்து அந்தக் கையை அவளிடம் நீட்டினார்.