எரியாத மிளகாய்

என் ஓரகத்தியை, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவியை, எங்கள் தெருவில் டெய்லரக்கா என்பார்கள். எனக்கும் அக்காதான். பள்ளிச் சீருடை தைப்பது தொழில்; எதிர்வாதம் செய்வது பொழுதுபோக்கு.

அக்காவின் வாயில் வந்த கட்டிக்கு ஆறு வாரம் கதிர் சிகிச்சை முடிந்த அன்று, “இனிமே ஆயுசுக்கும் மிளகாயைத் தொடக் கூடாது” என்று டாக்டரம்மா சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூம்பூம் மாடாகத் தலையாட்டினேன். அக்கா ஆட்டவில்லை.

“எரிச்சல்தானே ஆகாது? வாசனை ஆகாதுன்னு இல்லையே?”

“எரியாத மிளகாய் எங்கம்மா இருக்கு?”

“இருந்தா சாப்பிடலாமா?”

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே “சாப்பிடுங்க” என்று சொல்லித் தொலைத்தார். அக்காவுக்கு அது போதும்.

ஊரில் ஒருவரை விடாமல் நச்சரித்து, கடைசியில் கப்பலில் சமையல் வேலை பார்க்கும் ஒருவர் மூலம் மூன்று பொட்டலம் விதை வாங்கிவிட்டார். வாசனைக்கென்றே வளர்க்கும் மிளகாய், காரம் பேருக்குக்கூடக் கிடையாது. மொட்டைமாடியில் பழைய பெயின்ட் வாளிகளில் விதைத்தார். காய்த்த வடிவத்தைப் பார்த்து அவரே பெயரும் வைத்தார்: குல்லா, சுருக்குப்பை, கோணவாய்.

ஒப்பிட்டுப் பார்ப்பதில் அவருக்குத் தையல்காரப் புத்தி, அரை அங்குலம் பிசகினாலும் விடமாட்டார். பச்சையாக ஒரு துண்டு, எண்ணெயில் வதக்கி ஒரு துண்டு, சோற்றோடு வேகவைத்து ஒரு துண்டு. குல்லா பச்சையில் பழக்கடை மாதிரி மணக்கும்; அடுப்பில் ஏற்றினால் ஆளைக் காணோம். சுருக்குப்பையில் லேசாகப் புகை வாசம். கோணவாய் பழுக்க நாலு மாதம் இழுத்தடிக்கும், ஆனால் வதக்கினால் கீழ்வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் அளவு நோட்டில், பிள்ளைகளின் தோள் அளவுக்கும் இடுப்பு அளவுக்கும் பின்பக்கம் எழுதிவைத்தார்.

அவரோடு சிகிச்சை எடுத்த ஓவிய வாத்தியாருக்கும் பங்கு போனது. மாதக்கணக்காகக் கஞ்சியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர், கோணவாயை வதக்கிப் போட்ட பிறகுதான் தட்டு முன்னால் உட்கார்ந்தார். அவர் மகளே வந்து சொன்னாள்.

இரண்டாம் வருஷம் அக்கா ஒரு தப்புச் செய்தார். சொந்தச் செடியில் எடுத்த விதையைப் போட்டார். அந்தச் செடி பூத்தபோது பக்கத்து மாடியில் காரமிளகாயும் பூத்திருந்தது. தேனீ வேலி பார்த்தா போகும்? முளைத்த பன்னிரண்டில் முதலில் காய்த்த செடியே காரத்தை வாங்கியிருந்தது. காய் மட்டும் அச்சு அசல் கோணவாய். அதில் பழுத்த முதல் பழத்தை, தான் ருசி பார்க்காமலே வாத்தியாருக்குக் கொடுத்தனுப்பினார். வாய் வெந்துபோய் பத்து நாள் அவரால் தண்ணீர்கூட ஒழுங்காக விழுங்க முடியவில்லை.

“எங்கப்பா வாயில பரீட்சை பண்ண நீங்க யாரு? இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க” என்று மகள் எங்கள் வாசலில் நின்று கத்தினாள். எனக்கே அழுகை வந்துவிட்டது.

“எல்லாத்தையும் பிடுங்கிப் போடு” என்றார் அக்காவின் கணவர்.

“பிடுங்கினா அவர் மறுபடி கஞ்சிதான். நான் பண்ணின தப்பை நான்தான் சரிபண்ணணும்.”

காரச் செடியை மட்டும் பிடுங்கினார். வலைத்துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்து, மொட்டு விரியும் முன்பே கட்டிவிட்டார். அது அடுத்த விதைக்குக் காவல். மீதி பதினோரு செடியில் எது நல்லது, எது திருடன்? ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ஒவ்வொன்றின் முதல் பழத்தையும் அவரே கடித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

“உங்களுக்குப் பைத்தியமாக்கா? நான் கடிச்சுச் சொல்றேன்.”

“உன் நாக்குக்குப் பாதிக் காரம் தெரியவே தெரியாது. நீ சரின்னுடுவே, அவருக்கு வாய் வெந்துடும். இதுக்கு என் புண்ணு நாக்குதான் சரியான அளவுகோல்.”

ஏழாவது செடி சுட்டுவிட்டது. நாலு நாள் வெறும் மோர். ஆத்திரம் தாங்காமல் நோட்டைத் தூக்கி எறிந்தேன். அக்கா குனிந்து எடுத்து, ‘ஏழு ஆகாது’ என்று எழுதினார். ஐந்தாம் நாள் எட்டாவதைக் கடித்தார்.

பதினொன்றும் முடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனார். மகள் கதவில் குறுக்கே கை வைத்து நின்றாள். அக்கா கெஞ்சவில்லை. ஒரு கோணவாயைக் குறுக்காக வெட்டி, பாதியை அவள் கண்முன்னே மென்று விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டினார்.

“பாரும்மா. உங்கப்பா நாக்கும் இதே நாக்குதான். கஞ்சி குடிச்சுட்டுக் கிடக்கவா ரெண்டு பேரும் பிழைச்சு வந்தோம்?”

உள்ளேயிருந்து வாத்தியார் எழுந்து வந்து, மகளின் கைக்கு மேலாகக் கையை நீட்டினார். மீதிப் பாதியை வாங்கி வாயில் போட்டார். மெல்ல மெல்ல அவர் கண் நிறைந்தது. மகள் பதறியடித்துத் தண்ணீருக்கு ஓடினாள்.

“எரியலைம்மா, மணக்குது” என்றார் வாத்தியார்.

“தண்ணியை வெச்சுட்டு ஒரு தட்டு எடுத்துட்டு வா” என்றார் அக்கா. “இன்னும் ரெண்டு ரகம் இருக்கு.”