சான் என்கிற இரண்டு எழுத்து

எரிமலையானை ஓட்டுகிற கெங்கோ, வெண்கொக்கை ஓட்டுகிற லெப்டினன்ட் நாகிசாவை எப்படிக் கூப்பிடுவான்?

தோக்கியோவில் இந்தக் கேள்விக்கு முழிக்காமல் பதில் சொல்லக்கூடியவள் குஸுமி தொமோயே ஒருத்திதான். தேநீர்க் குவளையைக் கீழே வைக்காமலே சொல்வாள்: "நாகிசா-சான். ரெண்டு பேரும் மொத மொதல்ல சந்திச்ச பாகம், பதினோராம் அத்தியாயம்." கேட்டவர் நன்றி சொல்வதற்குள் அவள் கண் திரைக்குத் திரும்பியிருக்கும்.

'மகாயுத்தம்' முப்பது வருடமாக வந்துகொண்டிருக்கும் விளையாட்டு. எரிமலையான், வெண்கொக்கு என்று எந்தெந்தத் தொலைக்காட்சித் தொடரிலோ பிறந்த ராட்சத இயந்திரங்கள் எல்லாம், தலை பெருத்துக் கால் குறுகி, ஒரே போர்க்களத்தில் வந்து நிற்கும். அவற்றை ஓட்டுகிறவர்கள் ஒரே கப்பலில் சாப்பிட்டு, ஒரே எதிரியை அடிப்பார்கள். எண்பது சம்பந்தி வீட்டாரை ஒரே பந்தியில் உட்காரவைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். யார் யாரை எப்படிக் கூப்பிடுவது? பள்ளிக்கூடப் பையன் தளபதியை என்ன சொல்வான்? வேற்றுக்கிரக இளவரசி மெக்கானிக்கை என்ன சொல்வாள்? பேரோடு 'சான்' ஒட்டினால் மரியாதை, 'குன்' ஒட்டினால் இளைய ஆண், எதுவும் ஒட்டாவிட்டால் நெருக்கம். இதில் ஒரு விகுதி பிசகினாலும் போதும். அந்தந்தத் தொடரின் உரிமைக்காரர்கள் சிவப்பு மையோடு கிளம்பிவிடுவார்கள்.

அதற்குத்தான் குஸுமியின் அட்டவணை. குறுக்கே நானூற்றுப் பன்னிரண்டு பேர், நெடுக்கே அதே நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு கட்டத்திலும் இவர் அவரைக் கூப்பிடும் விதம், அதன் கீழே சின்ன எழுத்தில் மூலம், அதற்கும் கீழே காரணம். ஒருவர் தன்னையே சந்திக்கிற கட்டத்தில் அவர் 'நான்' என்பதை எப்படிச் சொல்வார் என்று இருக்கும். அந்த மொழியில் நான் என்று சொல்லவே பத்து வழி உண்டு.

இந்த வேலைக்கு வருமுன் அவள் ரயில் கால அட்டவணை அச்சிடும் இடத்தில் பிழை திருத்துபவளாக இருந்தாள். கட்டத்துக்குள் தவறான எண் ஒன்று போனால் ஒரு ஊரே நடைமேடையில் நிற்கும் என்பது அங்கே படிந்த பயம். இருபத்து நான்கு வயதில் குராமாயேவில் மகாயுத்தத்தைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு, விளையாட்டை ஆடிப் பார்த்துப் பிழை சொல்லும் தற்காலிக ஆளாக வந்தாள். இருபத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. இந்தக் காலத்தில் மகாயுத்தம் சாம்பல் நிறப் பெட்டியிலிருந்து கையடக்கக் கருவிக்கும், குறுந்தட்டுக்கும், இரட்டைத் திரைக்கும், கடைசியில் கைபேசிக்கும் குடிமாறியது. வந்த மறுவருடம் தொடங்கி ஒவ்வொரு வீட்டுக்கும் கூடவே போனது அந்த அட்டவணைதான். இத்தனை வருடத்தில் விளிப்பு விஷயத்தில் அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு விழுந்ததில்லை. அதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. கிழக்கே சூரியன் உதிக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்வாள், அவ்வளவுதான்.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். கல்யாணமான நாள்முதல் அவளை "இந்தா" என்றுதான் கூப்பிடுகிறார். அந்தக் கட்டத்துக்கு மட்டும் அவள் மூலம் தேடியதில்லை.

முப்பதாவது ஆண்டுப் பாகத்துக்குக் குரல் பதிவு நடந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்குப் பதிவரங்கக் கதவைத் திறந்துகொண்டு குரல் நடிகர் ஹிமுரோ வந்தார். "காலை வணக்கம்!" அந்தத் தொழிலில் எத்தனை மணிக்கு வந்தாலும் காலை வணக்கம்தான். கெங்கோவுக்கு வயது பதினேழு. அவன் குரலுக்கு அறுபத்தொன்பது.

வயிறு சத்தம் போட்டால் ஒலிவாங்கி காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒரு வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனார். எரிமலையானின் கைமுட்டி, மார்புத் தீ, கடைசி வெட்டு எல்லாவற்றுக்கும் அலறி முடித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இயக்குநர் ஓபா, ஒலிப்பதிவாளர், குஸுமி. அடுத்து ஒரே ஒரு காட்சி பாக்கி. நாகிசாவின் வெண்கொக்கு சிறகொடிந்து நிற்கிறது. கெங்கோ குறுக்கே பாய வேண்டும்.

"நாகிசா-சான், முதுகுக்கு நான்..." ஹிமுரோ நிறுத்தினார். தாளைப் பார்த்தார். மறுபடி ஆரம்பித்து மறுபடி நிறுத்தினார்.

"ஓபா-குன், இது வாயில வரல."

"தண்ணி வேணுமா, ஹிமுரோ-சான்?"

"தண்ணி என்னத்துக்கு? தொண்டை நல்லாத்தான் இருக்கு. இந்த 'சான்'தான் முள்ளு மாதிரி நிக்குது. மத்த எடத்துல சரி, இந்த வரியில நான் இவளைப் பேர் சொல்லித்தானே கூப்பிடுவேன்."

குஸுமி பேச்சுப் பொத்தானை அழுத்தினாள். "இல்லைங்க ஹிமுரோ-சான். நாகிசா-சான்தான். ரெண்டு பேரும் சேந்து வந்த எட்டுப் பாகத்துலயும் அப்படித்தான்."

"ஒம்பது."

"எட்டு."

"கையடக்கத்துல வந்ததை ஏன் விட்டீங்க?"

"அதுல உங்க குரலே இல்லையே."

"குரல் இல்லேன்னா? அவன் நான் இல்லேன்னு ஆயிடுமா?" ஹிமுரோவின் புருவம் ஏறியது. "ஒவ்வொரு வரியையும் ரயில்ல உக்காந்து வாய்க்குள்ளயே பேசிக்கிட்டுத்தான் ஆடினேன். பக்கத்துல இருந்த அம்மா எந்திரிச்சு வேற இடம் பாத்துப் போயிட்டாங்க. இருபத்தேழாம் அத்தியாயம். வெறும் 'நாகிசா'."

"அட்டவணைல அப்படி இல்லைங்க."

"தெரியும். அதனாலதான் சாட்சியோட வந்திருக்கேன். உங்ககிட்ட வெறுங்கையோட வர்றதுக்கு நான் என்ன பைத்தியமா?"

வெளியே வந்து துணிப்பையைத் துழாவி, மின்கல மூடியை ரப்பர் வளையத்தால் கட்டிய பழைய கையடக்கக் கருவி ஒன்றை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வசனத்தாளைப் படித்ததிலிருந்தே மனசு கேட்கவில்லையாம். ஆட்டத்தைச் சேமித்து வைத்திருந்த இடம் இன்னும் உயிரோடிருந்தது. பொத்தானை நாலு தட்டுத் தட்டிக் குஸுமியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

'நாகிசா, முதுகுக்கு நான் இருக்கேன்'

குஸுமி வாசித்தாள். அடுத்த கணம் எண்ணினாள். காற்புள்ளியோடு சேர்த்துப் பதினாறு எழுத்து. வரி சட்டத்தின் இரண்டு விளிம்பையும் தொட்டுக்கொண்டு நின்றது.

அவளுக்குக் காது சூடானது.

அந்தக் கருவியில் ஒரு வரிக்குப் பதினாறு எழுத்துதான். அது ஒரு பிப்ரவரி மாதம். மூலப் பிரதி சாயங்காலம் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். 'நாகிசா-சான்' என்று இருந்ததால் கடைசி இரண்டு எழுத்து சட்டத்துக்கு வெளியே விழுந்து, கெங்கோ 'முதுகுக்கு நான் இருக்' என்று பாதியில் நின்றான். உரிமைக்காரர்கள் ஒப்புதல் கொடுத்துவிட்ட வசனம். வார்த்தையில் கைவைத்தால் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்கு நேரமில்லை. இருபத்து நான்கு வயதுக் குஸுமி வார்த்தையில் கைவைக்கவில்லை, மரியாதையில் கைவைத்தாள். சான் என்கிற இரண்டு எழுத்தை எடுத்ததும் வரி கச்சிதமாக உட்கார்ந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அட்டவணை போடத் தொடங்கியபோது ஒப்புதல் பெற்ற தாளைப் பார்த்துத்தான் 'நாகிசா-சான்' என்று எழுதினாள். தான் செய்ததே அப்போது அவளுக்கு நினைவில்லை.

ஆனால் ஆடியவர்களுக்கு நினைவிருந்தது. அடுத்த பாகத்தில் 'சான்' திரும்பி வந்ததும் அஞ்சலட்டைகள் வந்தன. ஏன் இப்படித் தள்ளிப் போய்விட்டார்கள், இரண்டு பேருக்கும் சண்டையா என்று ஒரு கட்டு அட்டைகள் கேட்டன. 'சண்டை எதுவும் இல்லை, மூலக்கதைப்படியே' என்று பதில் எழுதியவளும் இதே குஸுமிதான்.

ஓபா திரையைப் பார்த்துவிட்டு அலட்சியமாகக் கையசைத்தார். "இது வெளியாளுங்க மாத்திக் குடுத்த பதிப்பு. அவங்க எங்கயாவது சொதப்பியிருப்பாங்க. இதைக் கணக்குல சேக்க வேணாம். குஸுமி-சான் சொல்றதுதான் சரி, எப்பவும் போல."

வழி விரியத் திறந்து கிடந்தது. உண்மை அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. ஆமாம் என்று தலையசைத்தால் போதும், அட்டவணை பழையபடி மாசில்லாமல் நிற்கும். ஹிமுரோ முணுமுணுத்துக்கொண்டே 'சான்' போட்டுப் பேசிவிட்டு, நாடகத்துக்காக நாலு மணி ரயிலில் ஒசாகா போய்விடுவார்.

குஸுமி கருவியை இரண்டு கையாலும் அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"அவங்க சொதப்பல. நான்தான் எடுத்தேன். வரியில இடமில்ல."

ஓபா அவளையே பார்த்தார். "நீங்களா?"

"நான்தான். ஒப்புதல் வாங்கினதுக்கு அப்புறம்."

ஒலிப்பதிவாளர் குனிந்து தன் செருப்பை ஆராயத் தொடங்கினார். ஒப்புதலுக்குப் பிறகு கைவைப்பது என்றால் என்ன என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஹிமுரோ மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். "இடமில்லையா! இருபது வருஷமா அவ எனக்கு நெருக்கம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இடநெருக்கடியா அது?"

"சரி, தப்புன்னு தெரிஞ்சு போச்சு" என்றார் ஓபா. "அப்போ சான் போட்டே பேசிடலாம். இல்லேன்னா காட்சியையே வெட்டிடலாம். ரெண்டு பேரும் பேசவே வேணாம். வம்பு எதுக்கு?"

"வேணாம். இவரு வாய்தான் சரியாச் சொல்லுது. அட்டவணைதான் தப்பு" என்றாள் குஸுமி. "ஆடினவங்க பாத்தது திரைல இருந்ததை. என் தாளை இல்ல. நான் சுகுதா-சானுக்குப் போன் போடுறேன்."

ஓபாவின் முகம் வெளுத்தது. வெண்கொக்குத் தொடரின் உரிமைப் பக்கம் ஒப்புதல் தருகிறவர் சுகுதா. நாகிசா இடது கையால் தேநீரைக் கலக்கினாள் என்று ஒரு முழுக் காட்சியையே திருப்பி அனுப்பிய மனிதர்.

குஸுமி நடைவழியில் நின்று பேசினாள். சுற்றி வளைக்கவில்லை. என்ன செய்தாள், எந்த அத்தியாயம், எத்தனை எழுத்து என்பதெல்லாம் நான்கு வாக்கியத்தில் முடிந்தது.

"அந்த வரிக்கு நாகிசா என்ன பதில் சொல்றா?" என்றார் சுகுதா.

"'கெங்கோ-குன், இடது பக்கம்.' அவ்வளவுதான்."

"திருத்தலையா அவ?"

"இல்லைங்க."

"நாகிசா தன் அட்மிரலையே திருத்தினவ. பிடிக்காததைச் சும்மா விட மாட்டா. திருத்தலேன்னா, அனுமதிச்சுட்டான்னு அர்த்தம்." தாள் புரளும் சத்தம் கேட்டது. "ஆனா அவ அதிகாரி. போர்க்களத்துல மட்டும் வெறும் பேரு. கப்பல் தளத்துல கால் வெச்ச உடனே சான். சாப்பாட்டுக் கூடத்துலயும் சான். ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன்."

"எழுத்துல அனுப்பறேன். அப்புறம், குஸுமி-சான்... ஒப்புதலுக்கு அப்புறம் கைவைக்கிற வேலை இனிமே வேண்டாம்."

"இருபத்திரண்டு வருஷமா வைக்கலைங்க."

மறுமுனையில் ஏதோ கனைத்தது. இருமலா சிரிப்பா என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. இரண்டையும் எழுதிவைக்கக் கட்டம் இல்லை.

எரிமலையான் பக்கத்து உரிமைக்காரர்கள், தங்கள் பையனுக்குக் கொஞ்சம் தைரியம் கூடினால் சந்தோஷம்தான் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். நாகிசாவுக்குக் குரல் தருபவர் போன வாரமே பேசி முடித்திருந்தார். அந்தப் பதிவை எடுத்துக் கேட்டார்கள். 'கெங்கோ-குன், இடது பக்கம்.' அதில் மாற்ற எதுவும் இல்லை. மணி மூன்றேகால்.

ஹிமுரோ உள்ளே போனார். சட்டைக் கையை மடித்துவிட்டு, காலை அகல ஊன்றினார்.

"நாகிசா, முதுகுக்கு நான் இருக்கேன்!"

கண்ணாடி அதிர்ந்தது. ஓபா இன்னொரு முறை கேட்கவில்லை. மேசையில் இருந்த பென்சில் உருண்டு விழுந்தது. அதை யாரும் எடுக்கவுமில்லை.

குஸுமி மடிக்கணினியைத் திறந்தாள். கெங்கோவின் வரிசை, நாகிசாவின் நிரல், அந்தக் கட்டம். அட்டவணையில் இதுவரை எவரும் பயன்படுத்தாத சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்தாள். 'போர்க்களத்தில்: நாகிசா. கப்பலில்: நாகிசா-சான்.' மூலம் என்ற இடத்தில், 'கையடக்கப் பதிப்பு, அத்தியாயம் 27.' காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்தாள். மற்ற கட்டங்களில் 'ஒரே பள்ளி', 'உயிரைக் காப்பாற்றியவர்', 'அண்ணனைக் கொன்றவர்' என்றெல்லாம் இருந்தன. இங்கே எழுதினாள்: 'வரியில் இடமில்லை. – குஸுமி.' சேமித்தாள்.

ஹிமுரோ துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே போய்த் திரும்பினார். வெற்றி பெற்றவனின் சிரிப்பு முகம் முழுக்க இருந்தது.

"அப்போ வரட்டா, குஸுமி?"

அவள் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இது கப்பல் தளம், ஹிமுரோ-சான்."

அறுபத்தொன்பது வயதுக் கெங்கோ விறைப்பாக நின்று, இடுப்பு வளையக் குனிந்தான்.

"மன்னிக்கணும், குஸுமி-சான்."