பகல் கொசுவும் அக்காவின் வளைகாப்பும்

விலங்கியல் படித்துவிட்டு, கொசுக் கணக்கெடுப்பில் ஒப்பந்த வேலை பார்க்கிறேன். செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய், கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் கொசுக்களைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். குழாயின் ஒரு முனை கொசுவின் மேல் இருக்கும், ரப்பர் முனை என் வாயில் இருக்கும், நடுவில் சல்லடைத் துணி இருக்கும். இந்தத் துணியைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் முதலிலேயே சொல்லிவிடுவேன். சொல்லாவிட்டால் எனக்குத் தம்ளரில் தண்ணீர் கொடுக்கத் தயங்குகிறார்கள்.

எந்தக் கொசு எப்போது கடிக்கும் என்பது எனக்கு பஸ் நேரம் போல மனப்பாடம். சாக்கடைக் கொசு விளக்கு வைத்ததும் கிளம்பும். மலேரியாக் கொசு ஊர் அடங்கிய பிறகு வரும். டெங்குக் கொசு பகல் கொசு. வெயில் ஏறும் முன் ஒரு சுற்று, வெயில் இறங்கியதும் ஒரு சுற்று. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்தால் அதன் கூட்டம் பெருகிக்கொண்டே போகும்.

எங்கள் வீட்டில் மட்டும் இந்த அறிவுக்கு மதிப்பில்லை. அம்மாவைப் பொறுத்தவரை கொசு என்பது சாயங்காலம் ஆறு மணிக்கு வரும் ஒன்று. ஆறு மணிக்குப் பின்கதவைச் சாத்தி, ஜன்னல்களை அடைத்து, வேப்பிலைப் புகை போடுவாள். பிறகு லட்சுமி வருவதற்காக முன்கதவை அகலத் திறந்து வைப்பாள். லட்சுமி வந்தாளா என்று தெரியாது. மற்றவை வந்தன.

போன ஐப்பசியில் அக்கா ஏழு மாத வயிற்றோடு வந்து சேர்ந்தாள். அவலூர்பேட்டையில் அவளுடைய மாமியார் வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்ததால், பிரசவத்தோடு வளைகாப்பும் எங்கள் வீட்டிலேயே என்று முடிவாகியிருந்தது. அவள் வந்த சமயத்தில் எங்கள் தெருவிலேயே டெங்கு வந்துவிட்டது. "இந்த நேரத்துல இந்தக் காய்ச்சல் வந்தா உனக்கும் ஆபத்து, கொழந்தைக்கும் ஆபத்து. ஒரு கொசு கடிக்கக் கூடாது" என்று டாக்டரம்மா அக்காவிடம் சொல்லி அனுப்பினார்.

அம்மா உடனே செயலில் இறங்கினாள். ராத்திரி அக்காவின் கட்டிலுக்கு வலை கட்டி, ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகி, உள்ளே டார்ச் அடித்துச் சோதித்தாள். விடிந்ததும் வலையை அவிழ்த்து மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, அக்காவைக் கொண்டுபோய்த் தோட்டத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், காற்றாட உட்கார வைத்தாள்.

"அம்மா, இப்பதாம்மா கடிக்கும்" என்றேன்.

நைனா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "பகல்ல கடிக்கிற கொசுவா? அது இன்னா வேல வெட்டி இல்லாத கொசுவா?"

"அதுக்கு வேல நேரமே பகல்தான் நைனா."

"அட போ பாப்பா. கொசு எல்லாம் கோட்டைக் கொளத்துலேருந்து வருது. அங்கேருந்து பறந்து இங்க வந்து சேர்றதுக்கே ராத்திரி ஆயிடும்."

கோட்டைக் குளத்தில் மீன் இருக்கிறது, இந்தக் கொசு அங்கிருந்து வரவில்லை, நம் தொட்டியில் பிறந்து இந்தத் தெருவைத் தாண்டாமலே செத்துப்போகும் என்று விளக்கினேன். நைனாவுக்கு அது மனவருத்தமாக இருந்தது.

"நம்ம தொட்டியில பொறந்துட்டு நம்மளயே கடிக்குதா?"

தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். பக்கத்து வீட்டு டயர், எதிர்வீட்டு மொட்டைமாடி வாளி என்று கண்ணில் பட்டதையெல்லாம் கவிழ்த்தேன். தெரு முழுவதையும் கவிழ்க்க முடியாது. அக்கா பகலிலும் வலைக்குள் இருப்பதுதான் ஒரே வழி. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பட்டப்பகல்ல வலை கட்டுனா சீக்கு வீடுன்னு பேசுவாங்க."

அதற்குள் வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஐப்பசியின் கடைசி ஞாயிறு, காலை எட்டு மணிக்குள். டெங்குக் கொசுவைக் கேட்டிருந்தால் அதுவும் அந்த நேரத்தைத்தான் சொல்லியிருக்கும். உச்சிவெயிலில் வைத்துக்கொள்ளலாமே என்று, நாள் குறித்துக் கொடுத்த சிங்கவரத்து ஜோசியருக்கு போன் போட்டேன்.

"ஞாயித்துக்கெழம உச்சில எமகண்டம்மா."

"அப்போ கொசு கம்மியா இருக்கும் சார்."

"கொசு கடிச்சா மருந்து இருக்குது. எமகண்டத்துக்கு இன்னா மருந்து வெச்சிருக்க?"

என்னிடம் இல்லை. கடைத்தெருவில் ரோஸ் நிறத்தில், அடியில் லேஸ் வைத்த வலை ஒன்றை வாங்கி வந்து, கூடத்தில் அக்கா உட்காரும் நாற்காலிக்கு மேலே தொங்கவிட்டேன். லேஸைப் பார்த்ததும் அம்மா பேச்சை மாற்றினாள். "கல்யாண மண்டபம் மாதிரி இருக்குதுடி" என்று சொல்லி, தானே மல்லியும் கனகாம்பரமும் சுற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பட்டுப்புடவையில் வலைக்குள் உட்கார்ந்தாள். எனக்குத் தெரிந்தவரை திட்டத்தில் குறையில்லை. சந்தனம் பூசவும் வளையல் போடவும் ஆள் உள்ளே போக வேண்டும் என்பதை நான் யோசிக்கவில்லை. அவலூர்பேட்டையிலிருந்து வேனில் வந்த பெண்கள் ஒவ்வொருவராக வலையைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார்கள். ஒவ்வொருவரோடும் ஒன்றிரண்டு கொசுக்கள் நுழைந்தன. பெண்கள் வெளியே வரவும் இல்லை. உள்ளே பூவாசனையாக இருக்கிறது, போட்டோ நன்றாக விழுகிறது என்று அங்கேயே நின்றுவிட்டார்கள்.

எங்கள் ஆபீசில் கொசு வளர்க்கும் கூண்டு ஒன்று இருக்கிறது. வலைத்துணியால் செய்தது. கொசுக்களை உள்ளே விட்டு, அவற்றுக்கு ரத்தமும் கொடுப்போம். அதையே நான் வீட்டில் பெரிதாகக் கட்டி, நடுவில் அக்காவை வைத்திருந்தேன்.

குழாயை எடுத்துக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனேன். இந்தக் கொசுவுக்குக் கணுக்கால் பிடிக்கும். பட்டுப்புடவைகளுக்கு நடுவே டார்ச் அடித்து, அக்காவின் காலைச் சுற்றியிருந்தவற்றை முதலில் உறிஞ்சினேன். பிறகு மற்றவர்களின் காலுக்கு நகர்ந்தேன்.

"யாரு அது பொடவைக்குக் கீழ? பூனையா?" இது அக்காவின் மாமியார்.

"நான்தான் அத்த. கால ஆட்டாதீங்க."

மேலே பெண்கள் பாடிக்கொண்டிருந்த வளைகாப்புப் பாட்டு நின்றது. வேனில் வந்த ஒரு பெண், "சின்னப் பொண்ணு ஏங்க குழல வாயில வெச்சிக்கினு காலடியில உக்காந்துக்குது?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "அது எங்க வழக்கம்ங்க. தங்கச்சி குழல் வெச்சிக்கினு காவல் உக்காரணும். கண்ணு படாம இருக்க."

மாமியார் குனிந்து என்னை உற்றுப் பார்த்தார். "ஊதலயே சம்மந்தி, உறிஞ்சுதே."

"கண்ண உறிஞ்சிடும்" என்றாள் அம்மா, முகம் மாறாமல்.

எல்லாரும் சம்மதமாகத் தலையாட்டினார்கள். என் நெற்றியிலும் குங்குமம் வைத்தார்கள். வாயில் குழாய் இருந்ததால் நான் மறுக்கவில்லை.

புறப்படும்போது மாமியார், "இந்த வலப்பந்தல எப்போ அவுப்பீங்க?" என்று கேட்டார். சாப்பாடு முடிந்ததும் அவிழ்த்துவிடுவதாகத்தான் அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். ஆனால் வழக்கம் என்று சொன்ன பிறகு அதற்கு ஒரு முறை இருக்க வேண்டும். அம்மா அங்கேயே ஒன்றை உண்டாக்கினாள். "கொழந்த பொறக்குற வரைக்கும் அவுக்கக் கூடாதுங்க. பகல்ல இவ வெளிய உக்காரவும் கூடாது."

நான் ஒரு வாரம் மன்றாடியும் நடக்காதது அப்படி நடந்தது.

அன்று மாலை குழாயில் இருந்தவற்றை லென்சில் பார்த்தேன். காலில் வெள்ளை வரி, டெங்குக் கொசுதான். சிலவற்றின் வயிறு சிவந்திருந்தது. யாருடைய ரத்தம் என்று அவற்றைக் கேட்க வழியில்லை. நோயுள்ள கொசு கடித்திருந்தால் காய்ச்சலாகத் தெரிய ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம். அம்மாவிடம் சொல்லவில்லை. விடிந்ததும் வலைக்குள் கையை விட்டு அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

"ஏண்டி சாமி செலய தொட்டுக் கும்புடுற மாதிரி தெனம் தொடுற?" என்பாள். பிறகு, "நான் இன்னாடி பாவம் பண்ணேன், பட்டப்பகல்ல என்ன மூடி வெச்சிக்கினு" என்று புலம்புவாள். அவள் வெளியே வரவும் முடியாது. வழக்கம் சரியாக நடக்கிறதா என்று மாமியார் காலையும் மாலையும் வீடியோ கால் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கொசு கடிக்கும் அதே இரண்டு வேளைகள்.

ஒருநாள் நெற்றி சுட்டது. பயந்துபோய் ரத்தம் எடுக்கக் கூட்டிப் போனேன். ஒன்றுமில்லை என்று வந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் வலைக்குள் உட்கார்ந்து சூடாக ரசம் குடித்திருக்கிறாள்.

கார்த்திகை போய் மார்கழிக் குளிர் வந்தது. தெருவில் புதிதாக யாரும் காய்ச்சலில் படுக்கவில்லை. தையில் அக்காவுக்குப் பையன் பிறந்தான். இருவருக்கும் குறையில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாமியார் பேரனைப் பார்க்க வந்தார். பார்த்தார், கொஞ்சினார், கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்த வலையை நிமிர்ந்து பார்த்தார்.

"இத இன்னிக்கு அவுக்கணும் இல்ல? எந்த மூலையிலேருந்து ஆரம்பிக்கறது?"

அம்மா என்னைப் பார்த்தாள். அடுத்த மழைக்காலத்தில் இவனுக்கு ஒரு வயதுகூட ஆகியிருக்காது.

"அடுத்த கார்த்திகை முடியட்டும் அத்த" என்றேன்.

அவர் வலையின் லேஸைத் தொட்டுப் பார்த்தார். "நடுவுல தொவைக்கலாமா?"

"தொவைக்கலாம். அன்னிக்கே காய வெச்சு மறுபடி கட்டிடணும்."

சரி என்று தலையாட்டிவிட்டு, கோயிலுக்குள் நுழைபவர் போல, காலணியை வாசலிலேயே விட்டிருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, பேரனோடு வலைக்குள் போனார்.