நான் நூற்ற சட்டை

எங்கள் பள்ளிக்கூடத்தில் என்னைப் போல நூல் நூற்பவர் யாரும் இல்லை. கணக்கில் பன்னிரண்டு மதிப்பெண் வாங்கிய ஐந்தாம் வகுப்புக்காரிக்குப் பெருமைப்பட வேறென்ன இருந்தது? தக்ளியைச் சுண்டிவிட்டால் கொட்டாங்கச்சிக்குள் பம்பரமாக நின்று சுழலும். பஞ்சைப் பிடித்த கை மேலே போகப் போக, தலைமுடி கனத்துக்கு நூல் இறங்கி வரும். மற்றப் பிள்ளைகளின் நூல் ஓரிடத்தில் புழுவாகத் தடிக்கும், ஓரிடத்தில் இளைத்து அறும். என்னுடையது அறாது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் கைத்தொழில் டீச்சர் என்னிடம் சொன்னார். "பஞ்சு நான் தரேன். நூத்ததுல பாதி பள்ளிக்கூடத்துக்கு, பாதி உனக்கு. எங்க அண்ணன் திருவிடைமருதூர்ல தறி போட்டிருக்காரு. துணியா நெய்ஞ்சு தரச் சொல்றேன்."

அப்பாவுக்குச் சட்டை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவரிடம் சட்டை கிடையாது. நன்னிலம் பக்கத்தில் இருந்த எங்கள் தெருவில் எந்த அப்பாவிடமும் கிடையாது. எல்லோரும் மிராசுதார் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். தோளில் ஒரு துண்டு இருக்கும். மிராசுதாரின் தெருவுக்குள் நுழையும்போது அதுவும் இடுப்புக்கு இறங்கிவிடும். அம்மாவின் தம்பியான மாமாவிடம் மட்டும் ஒரு கறுப்புச் சட்டை இருந்தது. அவர் கட்சிக்காரர். கூட்டத்துக்குப் போகும்போது மட்டும் அதைப் போடுவார்.

ஐப்பசியில் நடவு முடிந்து மழை பிடித்துக்கொண்டதும் அப்பாவுக்கு வேலை இல்லாமல் போனது. தானும் நூற்பதாக வந்து உட்கார்ந்தார். மாமா ஒரு குடைக்கம்பியில் தேங்காய் ஓட்டு வட்டைச் சொருகி அவருக்கென்று தக்ளி செய்துகொடுத்தார். மேழி பிடித்துக் காய்த்துப்போன விரலுக்குப் பஞ்சு அகப்படவே இல்லை. சாணுக்குச் சாண் அறுந்தது.

"களை புடுங்குற மாதிரி இழுக்காதீங்கப்பா" என்று அதட்டுவேன். "சரிங்க டீச்சர்" என்பார். அம்மாவுக்கு நான் சொல்லித்தரவே இல்லை. அடுப்படியிலிருந்து இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் அப்பாவின் தக்ளியை வாங்கி நூற்கத் தொடங்கிவிட்டாள்.

மார்கழியில் துணி வந்தது. நீளவாக்கில் ஓடிய பாவு முழுவதும் மில் நூல். குறுக்கே ஓடிய ஊடை மட்டும்தான் எங்கள் நூல். தக்ளி நூல் பாவுக்குத் தாங்காதாம். இரண்டு நாள் நான் டீச்சருடன் பேசவில்லை.

துணியைப் பார்த்ததும் மாமா குதித்தார். "கதரா? இது மிராசுதார் கட்சித் துணி அக்கா! ஆட்சியே நம்ம கைக்கு வந்தாச்சு. இப்பப் போயி மச்சான் இதைப் போட்டுக்கிட்டு நின்னா ஊரு சிரிக்கும். குடு, சாயத்துல முக்கிடுறேன்."

நான் துணியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"புள்ள நூத்தது. வெள்ளையாவே இருக்கட்டும்" என்றாள் அம்மா.

தை பிறந்தது. கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது. கூலி நெல்லை உயர்த்தினால்தான் அரிவாளை எடுப்போம் என்று எங்கள் தெரு சொல்லிவிட்டது. வெளியூர் ஆட்களை இறக்கி, போலீஸை நிறுத்தி அறுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. அம்மா உலை வைக்கும்போதெல்லாம் அரிசிப் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். கடைசியில் புதிதாக வந்திருந்த தாசில்தார் இரண்டு தரப்பையும் பேச அழைத்தார். எங்கள் தரப்பில் அப்பாவும் மாமாவும் போனார்கள். அப்பா துண்டோடுதான் கிளம்பினார். அம்மா வழிமறித்து, தைத்து வைத்திருந்த சட்டையைப் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் அவர்கள் திரும்பியபோது நான் வாய்க்கால் மதகில் காத்திருந்தேன். கேட்ட உயர்வில் பாதி கிடைத்திருந்தது, காலையில் அறுப்பு. எனக்கு வேறு விஷயம் தெரிய வேண்டியிருந்தது.

"சட்டையப் பாத்தாங்களாப்பா?"

"பாத்தாங்க தாயி. மிராசுதாரு ரொம்ப நேரம் பாத்தாரு."

எனக்கு அது போதும். ஊடை மட்டும்தான் என்னுடையது என்றாலும் மிராசுதாரால் கண்ணை எடுக்க முடியவில்லை என்று நாளைக்கே டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் மாமா நடந்ததை நடித்தே காட்டினார். வாசலில் நின்ற பியூன் வெள்ளைக் கதரைப் பார்த்து அப்பாவை மிராசுதார் தரப்பு என்று நினைத்துவிட்டாராம். "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாராம். கறுப்புச் சட்டையைப் பார்த்து, "நீ அப்படி ஓரமா நில்லு" என்றாராம். பிறகு மிராசுதார் வந்திருக்கிறார், அதே போன்ற வெள்ளைக் கதரில்.

"'எப்படா எங்க கட்சிக்கு வந்தே?'ன்னு கேட்டாருக்கா. 'கட்சி இல்லீங்க, எம் மவ நூத்தது'ன்னாரு மச்சான். 'எந்திரிடா'ன்னாரு. மச்சான் அசையல. அதுக்குள்ள தாசில்தார் வந்துட்டாரு. ரெண்டு வெள்ளைச் சட்டையையும் மாறி மாறிப் பாத்தாரு. அவருக்கு யாரு எந்தத் தரப்புன்னே புரியல. மிராசுதாரக் காட்டி, 'நிக்கிறவருக்கும் ஒரு நாற்காலி போடுப்பா'ன்னுட்டு ஃபைலைப் பிரிச்சாரு."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"கை வெச்ச நாற்காலியா?"

"ஆமாக்கா."

"சாஞ்சு உக்காந்தாரா?"

"மத்தியானம் வரைக்கும்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. மாசக்கணக்காக நூற்றிருக்கிறேன். நூலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாற்காலியில் என்ன இருக்கிறது? எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு கிடக்கின்றன. ஒன்றுக்குக் கால் ஆடும்.

"எந்திரின்னு சொன்ன பொறவும் உக்காந்தேதான் இருந்தாரா?" என்று அம்மா மறுபடியும் கேட்டாள்.

மாமா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் சலித்துப்போய்த் தக்ளியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.