கரிக்கு முதலிடம் கொடுத்த அறிக்கை

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தரிடம், அதாவது டச்சுக்காரரிடம், இருபத்தாறு வருடம் கிடங்கு எழுத்தராக இருந்தேன். விறகு, கரி, எண்ணெய் மூன்றும் என் பொறுப்பு. அந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விதிகளை அவர்கள் சுவடியில் படித்துக்கொள்ளலாம். இது சுவடியில் இல்லை.

1. உத்தரவு

ஒரு மார்கழிக் காலையில் துணை அதிகாரி கூப்பிட்டனுப்பினார். அவர் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. குழந்தை முழங்கை நீளம்கூட இல்லை. ஏரிக்காற்று பட்டால் பாதம் நீலமாகிவிடும். தாய்க்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை.

"குழந்தை இருக்கிற அறையைச் சூடாக்கணும். எந்த விறகு, எந்த அடுப்பு நல்லதுன்னு பார்த்து எழுதிக் கொடு. நாளை மறுநாளைக்குள்ள" என்றார். அவர் பேசியது போர்த்துக்கீசியம்; ஒல்லாந்தருக்கும் எங்களுக்கும் அதுதான் பொது பாஷை. அவசரம் எந்தப் பாஷையிலும் ஒன்றுதான்.

பழவேற்காட்டில் அறையைக் குளிர வைக்கத்தான் எல்லோரும் வழி கேட்பார்கள். சூடாக்க வழி கேட்டவர் அவர் ஒருவரே. பனி உறையும் ஊரிலிருந்து வந்தவர் என்பது இன்னொரு வேடிக்கை.

2. சோதனை

பக்கத்தில் காலியாக இருந்த அறையில் இரண்டு நாள் சோதனை செய்தேன். வரட்டி நின்று எரிந்தது, ஆனால் புகை கண்ணைப் பிடுங்கியது. பனைமட்டை பொறி பறக்கவிட்டது. வெடிமருந்துச் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் அறையில் பொறி பறந்தால் அறிக்கை எழுத நான் மிஞ்சமாட்டேன். ஏரிக்கரைக் கண்டல் மர விறகு நல்ல சூடு தந்தது, புகையும் தந்தது. தேங்காய்ச் சிரட்டைக் கரி புகையவில்லை, பொறியில்லை, நாற்றமில்லை. ஒரு கூடையில் பாதி நாள் ஓடியது.

அடுப்புகளையும் பார்த்தேன். கப்பலில் வந்த இரும்பு அடுப்புக்குக் கூரையில் ஓட்டை போட வேண்டும். ஓட்டைக்கு மேலிடத்து அனுமதி வேண்டும், அனுமதி அடுத்த கப்பலில் வரும். குழந்தை அதுவரை காத்திருக்காது. துளை போட்ட மரப்பெட்டிக்குள் தணல் வைத்து ஒல்லாந்தர் காலுக்குச் சூடேற்றுவார்கள். அது காலோடு சரி. செம்புச் சட்டியில் கரி போட்டு நடுவில் வைத்தால் அறை முழுக்கச் சூடு பரவியது.

பேறு பார்த்த கங்கம்மாவும் ஒரு வழி சொன்னாள். அவள் ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்துக்காரி. ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் இருந்து கையால் தடவி இறால் பிடிக்கிறவள்.

"இன்னாத்துக்கு சாமி உள்ள நெருப்பு? வெளிய சட்டில மணல வறு. துணில மூட்ட கட்டி தொட்டில்ல ரெண்டு பக்கமும் வை. ஆறிப்போனா மாத்து. ஏரில வெறச்சிப்போய் வர்றவங்களுக்கு நாங்க அதான் பண்றோம்."

எழுதிக்கொண்டேன். ஆனால் கடைசி இடத்தில். ஆள் அதிகம் தேவை என்று காரணம் எழுதினேன். மணல் கிடங்குப் பொருள் அல்ல என்று இன்னொரு காரணமும் எழுதினேன்.

முதலிடம் செம்புச் சட்டிக்கும் சிரட்டைக் கரிக்கும். "புகை இல்லை, ஆகவே தீங்கு இல்லை" என்பது என் வாக்கியம். நெருப்பு இருக்கும் அறையில் வெடிமருந்துச் சாலைப் பக்கத்து ஜன்னலைத் திறக்கக் கூடாது என்ற கோட்டை விதியையும் மறக்காமல் சேர்த்தேன். குழந்தையின் அறைக்கு இருந்ததே அந்த ஒரு ஜன்னல்தான்.

சோதனை செய்த இரண்டு நாளும் எழுத வெளிச்சம் வேண்டுமென்று நான் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். அதை அறிக்கையில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை.

3. மூன்றாம் நாள்

குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் கரி போடவும் கங்கம்மாவின் மகள் நாகுவை வைத்தார்கள். தாய் அடுத்த அறையில் படுத்திருந்தாள். பாலுக்கு மட்டும் குழந்தை அங்கே போகும்; அப்போதெல்லாம் கதவு திறந்து மூடும்.

கரி போடத் தொடங்கிய மூன்றாம் நாள் காலை பார்வையிடப் போனேன். கங்கம்மாவும் அப்போதுதான் படகில் வந்திருந்தாள். குழந்தை தாயிடம் இருந்தது. திரும்பி வரும்போது அறை சூடாக இருக்க வேண்டுமே என்று நாகு கரியைக் கூட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தாள்.

கதவைத் திறந்தேன். சுவரில் சாய்ந்திருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. நன்றாகத் தூங்குகிறாள், அறை நன்றாகச் சூடாகியிருக்கிறது என்று நினைத்தேன்.

கங்கம்மா அப்படி நினைக்கவில்லை. "ஏ நாகு, எய்ந்துரு. நாகு" என்று உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. அவள் பாய்ந்து ஜன்னலைத் திறந்தாள்.

"அந்த ஜன்னலைத் திறக்கக் கூடாதும்மா" என்றேன். ஆம், சொன்னேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் கக்கத்தில் கைகொடுத்து முற்றத்துக்கு இழுத்துப் போனாள். கால்களை நான் பிடித்தேன். உச்சிவேளைக்குத்தான் நாகு கண் திறந்தாள், வாந்தி எடுத்தாள். நேற்றே தலை கிர்ரென்று சுற்றியதாம். வேலை போய்விடும் என்று சொல்லவில்லையாம்.

"புகையே இல்லையே, கங்கம்மா" என்றேன்.

"பொகை இருந்தா கண்ணு எரியும் சாமி, எய்ந்து வெளிய வந்துருப்பா. இத்துல இன்னா எய்ப்பும்?"

கொஞ்ச நேரம் மகளின் உள்ளங்காலைத் தேய்த்தாள். பிறகு நிமிர்ந்து, "மணல் இருக்குதா, இல்ல அத்துக்கும் சீட்டு எய்தணுமா?" என்றாள்.

4. பிறகு

கோட்டைச் சுவருக்கு வெளியே கண்டல் விறகில் மணல் வறுத்தார்கள். பசியாவரத்திலிருந்து நான்கு பெண்கள் முறை வைத்து வந்தார்கள். மூட்டை ஆறுவதற்குள் அடுத்த மூட்டை தொட்டிலுக்குப் போனது. குழந்தை பிழைத்தது. மாசி முடிவதற்குள் வாய்விட்டு அழும் அளவுக்குத் தேறி, தாயோடு கப்பல் ஏறியது.

நாகுவும் பிழைத்தாள். ஆனால் விரல் நடுக்கம் நிற்கவில்லை. ஒருநாள் அவள் ஏரிக்கரையில் வெறும் கூடையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

"எறா தட்டுப்படுது சாமி. வெரல மூடறதுக்குள்ள போய்டுது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அறிக்கையைத் திருத்தினேன். மணலுக்கு முதலிடம் கொடுத்தேன். கரியைக் கடைசிக்குத் தள்ளி, மூடிய அறையில் கூடவே கூடாது என்று எழுதினேன். "நெருப்பருகில் இருப்பவர்" என்று புதிதாக ஒரு கட்டம் போட்டு, நாகுவின் பெயரையும் அவளுக்கு நேர்ந்ததையும் அதில் எழுதினேன். படிவத்தில் இல்லாத கட்டம் என்று மேலிடத்தில் அடித்துவிட்டார்கள். அதற்கு முன்பே பழைய அறிக்கை பிரதி எடுக்கப்பட்டு, "தெளிவானது, பின்பற்றத்தக்கது" என்ற பாராட்டோடு வேறு துறைமுகங்களுக்குக் கப்பலில் போயிருந்தது. என் கையெழுத்து அழகானது. எல்லோரும் சொல்வார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் எந்த அடுப்பையும் சோதிக்கலாம், எந்தக் கரிக்கும் முதலிடம் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன்னால் கதவைச் சாத்துங்கள். அதன் பக்கத்தில் உட்காரப் போகிறவர் எவ்வளவு நேரம் உட்காருவாரோ, அவ்வளவு நேரம் நீங்களும் உட்காருங்கள். நான் உட்காரவில்லை.